வாசற்படி தாண்டாத ஏட்டையா

1944 டிசம்பர் பதினெட்டு, திங்கட்கிழமை. ஏட்டையாவைக் கட்டையால் அடித்த டீச்சரம்மா கரி பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார் என்ற செய்தி, அவர் ஆபீஸ் வாசலுக்கு வருவதற்குள்ளாகவே சிங்காரவேலுவின் காதுக்கு எட்டிவிட்டது. அரியலூர் வக்கீல் வேணுகோபாலிடம் பதினொரு வருஷமாகக் குமாஸ்தாவாக இருப்பவர் சிங்காரவேலு. ஊரில் எந்தச் செய்தியும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் நடமாடுவதில்லை. ஏட்டையாவை அடித்தவர் என்றால் ஆள் கதவு அகலமாவது இருப்பார் என்று எண்ணி, ஆபீசில் இருந்ததிலேயே உறுதியான நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்தார்.

வந்தவர் அவர் தோள் உயரம்கூட இல்லை. வெள்ளைப் புடவை, கழுத்தில் செபமாலை, கையில் நனைந்த குடை. பின்னால் அவருடைய கணவர் ஞானமுத்து ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஏலாக்குறிச்சிக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு சிற்றூரில் அவருக்குக் கொஞ்சம் நிலம். மனைவி அடைக்கலமேரி அங்கே கோவில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அந்த உறுதியான நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருடைய கால் தரையைத் தொடவில்லை.

வேணுகோபால் வேலையை நிறுத்தாமலே தலையசைத்தார். யுத்தகாலக் காகிதப் பஞ்சத்தில் அவர் பழகிக்கொண்ட வேலை அது. வந்த உறைகளை ஒட்டுப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மறுபடி ஒட்டுவார். கட்சிக்காரர்கள் அழுதாலும் கத்தினாலும் அவர் கை அதே நிதானத்தில் பிரித்து ஒட்டிக்கொண்டிருக்கும். சிங்காரவேலுவுக்கு மட்டும், அவர் கை நின்றால் காது நிமிர்ந்துவிட்டது என்று தெரியும்.

"நான் அடிக்கலைங்கய்யா. தள்ளினேன்," என்று தொடங்கினார் அடைக்கலமேரி.

"எதால?"

"கதவுக்குக் குறுக்க போடுற கட்டையால."

"அப்ப தள்ளினது நெசம்."

"நெசம்தான். பொய் சொல்லத் தெரியாதுங்க. சொன்னாலும் அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துல சுவாமியார்கிட்ட சொல்லித்தானே ஆகணும்."

வேணுகோபாலுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. "மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார்.

டிசம்பர் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. கிறிஸ்மஸ் குடில் வைக்க நடுவீட்டுச் சுவரை வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் அடைக்கலமேரி. ஞானமுத்து களையெடுப்பைப் பார்க்க வயலுக்குப் போய்விட்டார். ஊரே வயலில்தான் இருந்தது. பிசுபிசுவென்று தூறல். காலை எட்டு மணி இருக்கும். சுவரை முடித்துவிட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே பானை உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஏட்டையா அய்யம்பெருமாள், கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து, அடுக்களை வழியாக நடுவீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"மண்ணெண்ணெய் டின்னு பதுக்கி வச்சிருக்கியாமே, எங்கன்னு கேட்டாரு. காயிதம் இருக்கான்னு நான் கேட்டேன். காயிதம் பின்னாடி வரும், நீ நவுருன்னாரு. வாரண்டு இல்லாம, ஊர்ல ரெண்டு பெரிய மனுசங்க இல்லாம, பொம்பள தனியா இருக்கற வூட்டுல எப்படி நொழையலாம்னு கேட்டேன். என் கையப் புடிச்சித் தள்ளிட்டுப் பொட்டியத் தொறக்கப் போனாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கதவுக் கட்டைய எடுத்து ரெண்டு கையாலயும் குறுக்கப் புடிச்சி நெஞ்சோட நெட்டினேன். செவுத்துல போயி முட்டினாரு. அப்படியே வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயி வெளிய விட்டுட்டேன். நாதாங்கியில மாட்டி முன்பக்கம் சட்டை கிழிஞ்சிபோச்சு."

"மண்ணெண்ணெய் இருந்துச்சா?"

"பள்ளிக்கூடத்து அரிக்கேன்ல கால் வெளக்கு இருந்துச்சுங்க," என்றார் ஞானமுத்து முதல் முறையாக வாய் திறந்து.

சிங்காரவேலு குற்றப்பத்திரிகையை எடுத்து உரக்கப் படித்தார். அதில் கதையே வேறாக இருந்தது. சப் மாஜிஸ்திரேட் பகல் பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்திட்ட சோதனை வாரண்டுடன், பிற்பகல் மூன்று மணிக்கு, மண்ணெண்ணெய்க் கடை பாலசுந்தரத்தையும் ஊர்த் தலையாரியையும் சாட்சிகளாக அழைத்துக்கொண்டு ஏட்டையா அந்த வீட்டுக்குப் போனார். வாசற்படியைத் தாண்டாமல் தெருவில் நின்று வாரண்டைப் படித்துக் காட்டினார். எதிரி திடீரென்று கட்டையால் தாக்கி, சர்க்கார் சட்டையைக் கிழித்துவிட்டார். கலவரம் வேண்டாமென்று ஏட்டையா உள்ளே காலே வைக்காமல் திரும்பிவிட்டார். கிழிந்த சட்டை பாலசுந்தரம் கடையிலேயே உடனே கழற்றப்பட்டு, சாட்சி முன்னிலையில் பொட்டலமாகக் கட்டி அரக்கு முத்திரை வைக்கப்பட்டுள்ளது. சான்றுப் பொருள் ஒன்று.

"இந்தப் பாலசுந்தரத்துக்கு உங்க மேல என்ன?" என்று கேட்டார் வேணுகோபால்.

"கூப்பனுக்குள்ள எண்ணெய முழுசா அளக்கறதில்லன்னு எங்க தெருவுக்காகத் தாசில்தாருக்கு மனு எழுதிக் குடுத்தேங்க. நவம்பர்ல."

"சரிதான்," என்று சிங்காரவேலு துள்ளினார். "மோட்டிவ் கெடச்சிட்டுது சார்!"

"மோட்டிவ் கெடச்சிட்டுது. சாட்சி?" என்றார் வேணுகோபால்.

தெருவே வயலுக்குப் போயிருந்த நேரம். ஒரு பக்கம் ஏட்டையா, கடைக்காரர், தலையாரி என மூன்று பேர். மறுபக்கம் டீச்சரம்மா ஒருத்தர். விசாரணை வியாழக்கிழமை, கோர்ட்டு கிறிஸ்மஸுக்கு மூடுவதற்கு முன். தண்டனை ஆனால் பண்டிகை திருச்சி ஜெயிலில்தான். ஜெயிலுக்குப் போய்வந்தவருக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று மானேஜர் சொல்லியனுப்பிவிட்டார். அதைச் சொல்லும்போதுதான் அடைக்கலமேரியின் கை முதன்முறையாகக் கழுத்துச் செபமாலைக்குப் போனது. பதினாறு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடம்தான் அவருக்குப் பிள்ளைகுட்டி எல்லாம்.

"இந்தக் கூத்துல செவுரும் வீணாப்போச்சு," என்று ஞானமுத்து ஆற்றாமையோடு முனகினார். "மத்த செவுரெல்லாம் வெள்ளை. அந்த ஒரு செவுத்துக்கு மட்டும் வானம் மாதிரி இருக்கட்டும்னு நீலம் போட்டுச்சு. நீலம் பத்தாம நடுவுல திட்டா நின்னுபோச்சு."

வேணுகோபாலின் கை நின்றது.

"திட்டை எப்பப் பாத்தீங்க?"

"மத்தியானம் நான் வூட்டுக்கு வந்தப்பங்க. இது வாசல்லயே ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு. உள்ள போயி நான்தான் பாத்தேன்."

"காலையில அடிச்சப்ப திட்டு தெரியலையாம்மா?"

"இல்லீங்க. ஒரே சீராத்தான் அடிச்சேன்," என்றார் அடைக்கலமேரி. "திட்டு எப்படி வந்துச்சுன்னு எனக்கே வெளங்கல. இவங்க இன்னைக்கு சாயங்காலம் போயி மறுபடி அடிச்சுடறேங்கறாங்க."

"யாரும் அதத் தொடக்கூடாது. நாளைக்குக் காலையில நாங்க வரோம்," என்றார் வேணுகோபால். பிறகு பாதி பிரித்த உறையை மறுபடி கையிலெடுத்தார்.

அன்று மாலை, அவர்கள் போன பிறகு சிங்காரவேலுவுக்கு மனசு கேட்கவில்லை. "நெசமாவே போலீசத் தடுக்கலாமா சார்? சட்டம் எடம் குடுக்குதா?"

"கதவச் சாத்திக்கிட்டு காயிதம் எங்கன்னு கேக்கலாம். அது குத்தமே இல்ல. காயிதம் இருந்தா தொறந்துதான் விடணும்."

"காயிதம் இல்லாம உள்ள வந்துட்டா?"

"அங்கதான் சட்டம் கொஞ்சம் வழுக்கும். தனக்கு அதிகாரம் இருக்குன்னு மனசார நம்பி, தெரியாத்தனமா தப்புப் பண்ற போலீஸ்காரர் மேல கை வைக்கக்கூடாது. பிற்பாடு கோர்ட்டுல பாத்துக்கணும். ஆனா காயிதம் இல்லைன்னு தெரிஞ்சே கொல்லைச் செவுரு ஏறிக் குதிக்கறவன் போலீஸ் வேலை பாக்கல. சட்டை மட்டும்தான் சர்க்காருது. அவனுக்கு அந்தப் பாதுகாப்பு கெடையாது."

"அப்ப நாம ஜெயிச்சமாதிரிதான்!"

"அவர் உள்ள வந்தாருங்கறதையே இன்னும் நாம காட்டலையே, சிங்காரம்."

மறுநாள் திருமானூர் வரை, பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடிய கரி பஸ். பஸ் மேட்டில் ஏற மறுத்த இரண்டு இடங்களில் ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். தள்ளுவதில் சிங்காரவேலுதான் முதல் ஆள். அங்கிருந்து மாட்டுவண்டி. ஊருக்குள் போனதும் வேணுகோபால் நேரே கட்சிக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. கோவில் சுவாமியாரையும் கிராம முன்சீப்பையும் மரியாதையாக அழைத்துக்கொண்டுதான் போனார்.

நடுவீட்டுச் சுவரைக் கண்டதும் சிங்காரவேலு வாயைப் பிளந்தார். அப்படி ஒரு நீலம். போதாக்குறைக்கு அதில் ஆங்காங்கே சின்னச் சின்ன மினுக்கல். கொள்ளிடத்து மணலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொறுக்கிவந்த காக்காப்பொன்னாம், அபிரகத் துணுக்கு. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே தூவிவிட்டால் வானத்து நட்சத்திரம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்றார் அடைக்கலமேரி. அந்த வானத்தின் நடுவே, இடுப்பு உயரத்திலிருந்து ஓர் ஆள் தலைக்குச் சற்றுக் கீழ்வரை, நீலம் மங்கி அழுக்குவெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. அந்த இடத்தில் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை.

வேணுகோபால் தம்முடைய வெள்ளைத் துண்டின் முனையைச் சுவரில் அழுத்தித் தேய்த்தார். துண்டில் ஒன்றும் ஒட்டவில்லை.

"கஞ்சி கலந்து அடிச்சிருக்கேங்க. காஞ்சா கையில வராது," என்றார் அடைக்கலமேரி.

பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பெரிய தாளை எடுத்தார் வேணுகோபால். பழைய உறைகளைப் பிரித்து ஒன்றோடொன்று ஒட்டிய தாள் அது. அதைச் சுவரில் பிடித்து, திட்டின் விளிம்பை அப்படியே பென்சிலால் வரைந்தார். கீழே சுவாமியாரும் முன்சீப்பும் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த காக்காப்பொன்னில் நாலு துணுக்கைச் சுரண்டி, ஓர் உறையில் போட்டு, அதன்மேலும் கையெழுத்து வாங்கினார். சுவர் கெட்டுப்போனதற்கு நஷ்டஈடு கேட்கப் போகிறார் போலிருக்கிறது என்று சிங்காரவேலு நினைத்துக்கொண்டார். ஜெயில் தலைக்கு மேல் தொங்கும்போது சுவருக்கு நஷ்டஈடு என்ன வேண்டிக்கிடக்கிறது என்றும் நினைத்தார். வெளியே சொல்லவில்லை.

சும்மா இருக்க அவரால் முடியாது. அடுக்களைப் பக்கத்துச் சுவர் இன்னும் பாக்கி இருந்தது. ஞானமுத்து, திட்டை மறைக்கப் புதிதாக வாங்கிவந்த நீலத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு தயங்கி நிற்பதைப் பார்த்ததும் வெள்ளையடிக்கிற மட்டையைப் பிடுங்கிக்கொண்டார். வேணுகோபால் புறப்படலாம் என்று கூப்பிடுவதற்குள் பாதிச் சுவரை முடித்துவிட்டார். வேட்டியில் பட்டிருக்குமோ என்று முன்னும் பின்னும் பார்த்தார். ஈரம்தான் இருந்தது. கறை எதுவுமில்லை. தம் கைத்திறனை வழி நெடுக மெச்சிக்கொண்டே ஊர் திரும்பினார்.

புதன்கிழமை காலை ஆபீசுக்கு வந்தபோது அவர் முகம் சரியில்லை. அதே வேட்டியைப் பொட்டலமாகக் கையில் வைத்திருந்தார்.

"பாருங்க சார். நேத்து ராவு ஈரத்தோட கழட்டிப்போடறப்பகூட ஒண்ணும் தெரியல. காலையில பாத்தா, பின்னாடி பூரா நீலம்! வூட்ல என்னைய உண்டு இல்லன்னு பண்ணிட்டா. எதுல போய் ஒக்காந்தியன்னு கேக்கறா."

வேணுகோபால் சிரித்தார். பதினொரு வருஷத்தில் அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்துச் சிங்காரவேலு பார்த்தது இரண்டாவது தடவை. "அத அலசாத. பத்திரமா வை," என்றார். காரணம் சொல்லாமல் மறுபடி உறையைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். அன்று முழுவதும் சிங்காரவேலு நெளிந்துகொண்டே வேலை பார்த்தார்.

வியாழக்கிழமை கோர்ட்டில் நிற்க இடமில்லை. அடைக்கலமேரியின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏட்டையா அய்யம்பெருமாள் புதுச் சட்டையில், மீசையை நன்றாக முறுக்கிக்கொண்டு கூண்டேறினார். போலீஸ் தரப்பை நடத்திய இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் பிசிறில்லாமல் பதில் சொன்னார். வேணுகோபால் மெதுவாக எழுந்தார்.

"ஏட்டையா, அந்த வூட்டுக்குள்ள அன்னைக்கு நீங்க போகவே இல்ல?"

"வாசப்படியத் தாண்டலைங்க."

"அதுக்கு முன்னால, பின்னால எப்பவாவது?"

"அந்த வூட்டு உள்பக்கம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

"நீங்க தெருவுல நின்னீங்க, அந்தம்மா வாசல்ல, ரெண்டு பேரும் எதிரும் புதிருமா. சட்டை கிழிஞ்சது எந்தப் பக்கம்?"

"முன்பக்கம். இந்த நெஞ்சுப் பையிகிட்ட."

"முதுகுல ஏதும் படலையே?"

"முதுகக் காட்டி ஓடற ஆளு நான் இல்லைங்க," என்றார் ஏட்டையா. கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். ஏட்டையாவுக்கு அது பெருமையாக இருந்தது.

"சட்டைய எப்பக் கழட்டினீங்க?"

"ஒடனே. பாலசுந்தரம் கடையிலயே கழட்டி, மடிச்சி, முத்திரை வச்சாச்சு. அதுக்கப்புறம் அத யாரும் தொறக்கல."

"தூறல்ல நனைஞ்சிருந்துச்சா?"

"சட்டை பூரா ஈரம்தான்."

வேணுகோபால் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். "கனம் கோர்ட்டார் அவர்களே, பொட்டலத்தைப் பிரிக்கும் முன், அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் எழுதிக்கொடுக்க அனுமதி வேண்டும்." ஒரு சிறு தாளில் நாலு வரி எழுதி, மடித்து, மேஜைமேல் வைத்தார். அதுவும் திருப்பிய உறையின் துண்டுதான்.

மாஜிஸ்திரேட் முத்திரையைப் பார்த்தார். அரக்கு முழுசாக இருந்தது. கோர்ட் சேவகர் நூலை அறுத்து, செய்தித்தாளைப் பிரித்து, காக்கிச் சட்டையை இரண்டு கையாலும் தூக்கி உதறி விரித்தார்.

முன்பக்கம் கிழிசல். அதைத் தவிர அங்கே ஒரு பொட்டுக் கறை இல்லை. சேவகர் சட்டையைத் திருப்பினார். தோளிலிருந்து இடுப்புவரை முதுகு முழுக்க நல்ல நீலம். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அந்த நீலத்தில் ஏழெட்டு இடத்தில் மினுமினுவென்று மின்னியது. பின்வரிசையில் யாரோ ஒரு பெண், "ஐயோ, நம்ம குடில் வானம்!" என்று கத்திவிட்டார். மாஜிஸ்திரேட் அதட்டவில்லை. அவரும் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜைமேல் இருந்த தாளைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்.

"முதுகில் நீலச் சுண்ணாம்பு. அதில் காக்காப்பொன். மடிப்பில் ஒன்றின்மேல் ஒன்று பட்டு நீலம் இரட்டையாகப் பதிந்திருக்கும். முன்பக்கம் சுத்தமாக இருக்கும்."

மடிப்பை விரித்துப் பார்த்தார்கள். பதிந்துதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவர் கெட்டிக்காரர். "எதிரியின் கையில் அந்தச் சுண்ணாம்பு இருந்திருக்கும். கைகலப்பில் ஒட்டியிருக்கலாம்."

"சண்டை நடந்தது முன்பக்கம். அங்கே ஒரு துளிகூட இல்லை," என்றார் வேணுகோபால். "தெருவில் நேருக்கு நேர் நிற்கிற ஆளின் முதுகில், கையில் கட்டையும் பிடித்துக்கொண்டு, தோள் முதல் இடுப்புவரை யாரும் பூச முடியாது. தவிர, கனம் கோர்ட்டார் இதையும் பார்க்கவேண்டும்." உறைத்தாளை விரித்தார். "அந்த வீட்டில் நீலம் அடித்த சுவர் அன்று ஒன்றே ஒன்றுதான், நடுவீட்டுச் சுவர். அதில் நீலம் இல்லாமல் போன இடத்தின் அளவு இது. செவ்வாய்க்கிழமை, பொட்டலம் பிரிக்கப்படுவதற்கு முன்பே, சுவாமியாரும் கிராம முன்சீப்பும் கையெழுத்திட்டது. இந்த உறையில் இருப்பது அதே சுவரின் காக்காப்பொன்."

சேவகர் சட்டையைத் தாளின்மேல் வைத்தார். தோளுக்குத் தோள், இடுப்புக்கு இடுப்பு, அளவெடுத்துத் தைத்தமாதிரி உட்கார்ந்தது. சிங்காரவேலுவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. செவ்வாய்க்கிழமை தாமும் மட்டையுமாக அந்தச் சுவரை நெருங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தார். மடியில் இருந்த வேட்டிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆனால், இத்தனை பெரிய கறையை ஏட்டு எப்படிக் கவனிக்காமல் விட்டார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அன்று கறை இல்லை. ஈரச் சுண்ணாம்பு துணியில் பட்டால் தண்ணீர்மாதிரிதான் இருக்கும். உலர்ந்த பிறகே நிறம் காட்டும். வெள்ளையடிக்கிற எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். சுவரும் அப்படித்தான். காலையில் ஒரே சீராகத் தெரிந்தது, காய்ந்த பிறகு திட்டுத் தெரிந்தது. ஏட்டையா ஏற்கெனவே தூறலில் நனைந்திருந்தார். முதுகில் இன்னும் கொஞ்சம் ஈரம் ஏறியதை அவர் எப்படி அறிவார்? கிழிசலைக் காட்டவேண்டும் என்ற அவசரத்தில் ஈரத்தோடு மடித்துத் தாமே முத்திரை வைத்துவிட்டார். சட்டை பொட்டலத்துக்குள் நிதானமாகக் காய்ந்தது. இதற்கு என் குமாஸ்தாவின் வேட்டியும் சாட்சி."

சிங்காரவேலு ஒரு கணமும் தாமதிக்காமல் எழுந்து வேட்டியைக் கொடிபோலத் தூக்கிக் காட்டினார். கோர்ட்டில் எழுந்த சிரிப்பை அடக்க மாஜிஸ்திரேட் மூன்று தடவை மேஜையைத் தட்டவேண்டியிருந்தது.

அடுத்ததாகக் கடைக்காரர் பாலசுந்தரத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் சட்டையைப் பார்த்தார். ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையாவின் மீசை தளர்ந்திருந்தது.

"பாலசுந்தரம், பொய்ச்சாட்சிக்கு என்ன தண்டனைன்னு நான் சொல்லணுமா?" என்று வேணுகோபால் மிக மெதுவாகக் கேட்டார். "சட்டைய ஒங்க கடையில எத்தனை மணிக்குக் கழட்டினாரு?"

"காலையில எட்டரை இருக்குங்க," என்றார் கடைக்காரர் குனிந்தபடி. "வாரண்டு வரதுக்குள்ள டின்ன எடுத்துட்டா வேலை சுளுவுன்னு போனாரு. மத்தியானம் வாரண்டு வந்தப்புறம் மூணு மணின்னு எழுதிக்கிட்டு வந்து கையெழுத்துக் கேட்டாரு. தலையாரியும் நானும் போட்டுட்டோம். அந்தம்மா வூட்டுப் பக்கமே நாங்க போவலைங்க."

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதிகாரம் இல்லையென்று அறிந்தே திருட்டுத்தனமாக ஒருவர் வீட்டில் நுழைந்தவர் கடமையைச் செய்ததாகக் கொள்ள முடியாது. நல்லெண்ணம் இருந்திருந்தால் உள்ளே போனதையே மறைத்திருக்க மாட்டார். தம் வீட்டைக் காத்துக்கொள்ள அளவுக்கு மீறாமல் அவரை வெளியே தள்ளியது குற்றமில்லை என்று மாஜிஸ்திரேட் எழுதினார். அடைக்கலமேரி விடுதலை. கோர்ட் வராந்தாவில் அவர் நின்ற இடத்திலேயே முழங்காலில் இருந்து செபம் சொன்னார். ஞானமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பள்ளிக்கூட மானேஜர் எங்கிருந்தோ வந்து, திங்கட்கிழமை பண்டிகை முடிந்ததும் டீச்சர் வழக்கம்போல வந்துவிடலாம் என்று தாமாகவே சொன்னார்.

"பொட்டலத்துக்குள்ள நீலம் இருக்கும்னு எப்ப சார் தெரிஞ்சுது?" என்று சிங்காரவேலு விடாமல் கேட்டார்.

"செவுத்துல திட்டுன்னு ஞானமுத்து சொன்னப்பவே சந்தேகம். போதாத நீலம் ஓரத்துலதான் போதாமப் போகும், நடுவுல போகாது. அடிச்சப்ப சீரா இருந்து, காஞ்சப்புறம் திட்டு வருதுன்னா, நடுவுல எதுவோ வந்து நீலத்த ஒத்தி எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. செவுத்துல முட்டினாருன்னு அந்தம்மா அதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. செவுரு எழந்தது சட்டையிலதானே இருக்கணும்? ஆனா ஏட்டையாவே ஏன் பாக்கலைங்கறது மட்டும் நிச்சயமாத் தெரியல. புதன்கிழமை காலையில நீ வேட்டியோட வந்து நின்ன பாரு, அப்பத்தான் நிம்மதியாக் காப்பி சாப்பிட்டேன்."

சிங்காரவேலு அன்று வீட்டுக்குப் போய், சர்க்காரே அந்த வேட்டியைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டது என்று மனைவியிடம் அறிவித்தார். துவைப்பது யார் என்று அவள் கேட்டாள்.

கிறிஸ்மஸ் அன்று பகல் வக்கீலும் குமாஸ்தாவும் ஞானமுத்து வீட்டில் விருந்தாளிகள். நடுவீட்டில் குடில் ஜோடித்திருந்தார்கள். நீலச் சுவரில் அந்தத் திட்டு அப்படியே இருந்தது. அதைத் தொட அடைக்கலமேரி சம்மதிக்கவில்லையாம். திட்டுக்கு நேர் கீழே மாட்டுக்கொட்டில் அமைந்திருந்ததால், அது மலைப்பாறை மாதிரி பாங்காகவே இருந்தது. சிங்காரவேலு ஏழாவது அதிரசத்தில் இருந்தபோது வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர். ஏலாக்குறிச்சித் திருவிழாக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்கு வந்தவருக்கு, ஏட்டையாமீது இலாகா விசாரணைக்காக டீச்சரம்மாவிடம் ஒரு வாக்குமூலம் வாங்கவேண்டியிருந்தது. கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. கதவுக் கட்டை மூலையில் சாத்தியிருந்தது. அவர் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

"அம்மா, உத்தரவு இது. படிச்சுப் பாருங்க. உள்ள வரலாங்களா?"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அடைக்கலமேரி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தாளை அவர் வாங்கவில்லை.

"காயிதம் கெடக்கட்டுங்க. கேட்டீங்கல்ல, அது போதும்," என்றார் அவர். "உள்ள வாங்க. மொதல்ல சாப்புடுங்க."